நரைத்த தலைக்கு இடமில்லாத உலகம்

இணையத்தில் இருந்த ஒரு விளையாட்டு உலகத்தை அதன் கம்பனி மூடியபோது, அதற்குள் திரிந்தவர்கள் தங்களை அகதிகள் என்று சொல்லிக்கொண்டார்களாம். தம்பி இதைச் சொல்லிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. என்னுடைய எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. யாரும் சாகவில்லை. யாருடைய வீட்டுக் கூரையும் போகவில்லை. திரை அணைந்தபின் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்திருப்பார்கள். யுத்தத்தால் 1990இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட குடும்பம் எங்களது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நகர்ந்த சனத்துக்குள் நானும் நின்றேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. வாசிக்கிறவர்களில் பலருக்கு அந்த இரவை நான் சொல்லித் தெரியத் தேவையுமில்லை. ஆனால் எங்கே நின்றுகொண்டு கோபப்பட்டேன் என்று சொல்லாமல் மிச்சத்தை எழுத முடியாது.

"சும்மா கோவப்படாதையுங்கோ அக்கா. முதல் என்ன நடந்ததெண்டு வாசியுங்கோ" என்றான் தம்பி. அவன் சின்ன வயதிலிருந்தே கேம் விளையாடுகிறவன். கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில் அவனுக்குக் கிடைத்த சிநேகிதர்கள் எல்லாரும் திரைக்குள்தான் இருந்தார்கள். வீட்டில் நாங்கள் எல்லாரும் அதை ஒரு வருத்தம் மாதிரியே கதைத்துக்கொண்டிருந்தோம். அவன் இப்போது நல்ல வேலையில் இருக்கிறான், பிள்ளை குட்டிகளோடு இருக்கிறான், இன்னமும் விளையாடுகிறான். அவன் சொல்லித்தான் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க எரிச்சல் போகவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது. அந்த நகர்வைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

சாக முடியாத இடம்

அந்த உலகத்தின் பெயர் ஊரு. (பெயர் தற்செயல். அதை வைத்து நான் ஒன்றும் செய்யப் போவதில்லை.) செய்தவர்கள் சயன் என்ற சிறிய கம்பனிக்காரர், அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரை அண்டி இருப்பவர்கள். 1993இல் 'மிஸ்ட்' என்ற கேமை வெளியிட்டவர்களும் இவர்கள்தான். மிஸ்ட்டில் ஒரு தீவு இருக்கும், ஆளரவம் இருக்காது. பொறிகளையும் புத்தகங்களையும் நோண்டி, இங்கே என்ன நடந்தது என்று நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். சுடவோ ஓடவோ தேவையில்லை. 2002இல் 'சிம்ஸ்' முந்தும்வரை கணினி விளையாட்டுகளில் மிக அதிகமாக விற்றது இதுதான். பத்து வருடம் தனித்தனியாக அந்தத் தீவில் அலைந்தவர்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து விட்டால் என்ன நடக்கும் என்ற யோசனையில் பிறந்தது ஊரு. 2003 நவம்பரில் யூபிசொவ்ற் அதைச் சந்தைக்கு விட்டது. தனியே விளையாடும் பகுதி பெட்டியோடு வந்தது. எல்லாரும் சந்திக்கும் இணையப் பகுதி இன்னும் பரீட்சார்த்த நிலையில் இருந்தது, அழைப்புக் கிடைத்தவர்கள் மட்டும் உள்ளே போகலாம்.

கதை இதுதான்: நியூ மெக்சிக்கோ பாலைவனத்துக்கு அடியில் டினி என்ற ஒரு பழைய நாகரிகத்தின் நகரம் பாழடைந்து கிடக்கிறது. ஒரு ஆய்வுச் சபை அதைத் திருத்தி எடுக்கிறது. நீங்கள் அங்கே அழைக்கப்பட்டு வந்த ஒரு ஆள். குகைக்குள் பெரிய ஏரி. ஒரு காலத்தில் அந்த ஏரியின் பாசிதான் நகரம் முழுக்க வெளிச்சம் கொடுத்தது, இப்போது அது மங்கிப்போய்க் கிடக்கிறது. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு குட்டித் தீவு, ஒரு குடில், குடிலுக்குள் ஒரு புத்தக அலுமாரி. புத்தகத்தின் பக்கத்தில் கை வைத்தால் அது சொல்லும் இடத்துக்குப் போய்விடுவீர்கள். எங்காவது பாறையிலிருந்து விழுந்தால் சாவதில்லை. விழுகிற பாதியில் தானாகவே உங்கள் குடிலுக்கு வந்து சேருவீர்கள். புள்ளி இல்லை, எதிரி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. விழுந்தால் வீட்டில் போய் முடியும் ஒரு உலகத்தை யோசித்தவர் நல்ல மனுசனாகத்தான் இருக்க வேண்டும்.

தீவுக்கு வெளியே 'ஹூட்' என்று ஒரு அயல் இருக்கும். நடுவில் ஒரு நீரூற்று, சுற்றிவர இருக்கைகள், ஒரு வகுப்பறை, ஏரியைப் பார்க்கிற மேடை. கூடிப் பேசுவது அந்த நீரூற்றடியில்தான். ஊருவில் கையால் ஒன்றையும் தூக்க முடியாது என்பதால் சனம் தானாகவே விளையாட்டுகளைக் கண்டுபிடித்தது. திருத்த வேலைக்காக வைத்திருந்த செம்மஞ்சள் கூம்புகளைக் காலால் தள்ளித் தள்ளி ஒரு மூலையில் சேர்ப்பது, ஒளித்துப் பிடித்து விளையாடுவது. கம்பனி எழுதிக் கொடுக்காத இந்த விளையாட்டுகளைப் பற்றி வாசித்த இடத்தில்தான் நான் முதல்முறையாகச் சிரித்தேன். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எத்தனையோ குடும்பங்கள் நெருங்கிக் கிடந்தபோது நாங்கள் கண்டுபிடித்த விளையாட்டுகளும் இந்தத் தரத்தில்தான் இருந்தன.

சீலியா பியர்ஸ் என்ற ஆய்வாளர் இந்தச் சனத்தில் ஒரு கூட்டத்தோடு நீண்ட காலம் பழகி, தானும் ஒரு அவதாராக (திரைக்குள் நடமாடும் உருவமாக) அவர்களுக்குள் இருந்து எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவருடைய எழுத்திலிருந்துதான். அவர் சொல்கிற விபரத்தில் என்னை நிறுத்தியது ஆட்களின் வயது. கேம் என்றதும் என் மனதில் வருவது பதினேழு வயதுப் பெடியன்கள். இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் பெண்கள். பெரும்பாலானவர்கள் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருந்தவர்கள், எழுபதைத் தொட்டவர்களும் உண்டு. எழுந்து நடமாட உடம்பு இடம் கொடுக்காதவர்களும் இருந்தார்கள். விரல் வேகம் கேட்காத, மூளையை மட்டும் கேட்கிற கேம் என்பதால் இப்படிப்பட்டவர்களுக்கு அது கதவைத் திறந்து வைத்திருந்தது.

அவதாரை உருவாக்கும் இடத்திலும் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. தலையை நரைக்க வைக்கலாம். முகத்தில் சுருக்கம் போடலாம். இடுப்பைப் பெருக்கலாம். நாயகனாகவோ தேவதையாகவோ வரச் சொல்லி ஊரு ஒருவரையும் கேட்கவில்லை, நீங்கள் நீங்களாகவே வாருங்கள் என்பதுதான் அதன் அழைப்பு. கூட்டத்தில் பலர் அப்படியே வந்தார்கள். தங்கள் வயதில், தங்கள் தொப்பையோடு, நரையோடு. மாய உலகத்தில் மனிதர் தங்களை வெளிப்படுத்துவது என்றால் சிறகு முளைப்பதும் இடுப்பு சிறுப்பதும்தான் என்று நினைத்திருந்த எனக்கு இது புதிதாக இருந்தது. என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்ற இடத்தில் ஒரு மனுசி ஐம்பத்தைந்து வயதாக இருக்கத் தீர்மானிப்பது சின்ன விசயம் இல்லை.

'சரி' என்ற பொத்தான்

2004 பெப்ரவரி தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது: எதிர்பார்த்த அளவுக்கு ஆள் சேரவில்லை, இணையப் பகுதி திறக்கப்படாது, பரீட்சார்த்தப் பகுதியும் மூடப்படும். சில நாள் அவகாசம்தான். அந்தக் கூட்டத்தார் கடைசி இரவில் ஹூட்டில் கூடினார்கள். கதைத்தார்கள், ஒளித்துப் பிடித்து விளையாடினார்கள், நீரூற்றைச் சுற்றி நின்றார்கள். நேரம் வந்ததும் எல்லார் திரையும் உறைந்தது. இணைய இணைப்பில் கோளாறு என்று ஒரு அறிவித்தலும், கீழே 'சரி' என்று ஒரு பொத்தானும் வந்தன. அந்தப் பொத்தானை அழுத்த மனமில்லாமல் இருந்தவர்கள் இருந்தார்கள் என்று பியர்ஸ் பதிவு செய்திருக்கிறார்.

என்னுடைய கோபத்துக்கு இந்தக் கட்டம் நல்ல தீனி. சரி என்று அழுத்தச் சொல்லி எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்று மனதுக்குள் சண்டை பிடித்தேன். பிறகு யோசிக்க, கேட்டிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும் என்று பட்டது. இணைப்பு உங்கள் பக்கத்தில்தான் பழுது என்று சொல்லிவிட்டு, அதற்கு உங்களிடமே ஒப்புதலும் வாங்குவது! அதை எழுதிய புரோகிராமருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, எந்தக் கணினியிலும் வருகிற வழமையான அறிவித்தல்தான். தெரியாமல் செய்ததால்தான் அது அவ்வளவு கச்சிதமாகக் குத்துகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூடுவது இந்த உலகங்களின் இயல்பு. 'சிட்டி ஒஃப் ஹீரோஸ்' 2012 நவம்பர் 30இல் மூடப்பட்டது. பிள்ளைகள் திரிந்த 'கிளப் பெங்குவின்' 2017 மார்ச்சில் போனது. உள்ளே போகும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிற ஒப்பந்தத்தில், எந்த நேரமும் மூடுவோம் என்று எழுதித்தான் இருக்கும். அங்கே யாரும் காணிக்காரர் இல்லை, வாடகைக்காரரும் இல்லை, வந்து இருந்துவிட்டுப் போக அனுமதிக்கப்பட்டவர்கள். உறுதி எழுதிய காணியை இழந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். உறுதி கையில் இருந்தும் கால் வைக்க முடியாமல் கிடந்த நாங்கள் எவ்வளவு சிரிக்கலாம் என்பது வேறு கேள்வி.

இருபது வயதாக ஆக்கப்பட்டவர்கள்

அவர்கள் சேர்ந்தே வெளிக்கிட்டார்கள். இதுதான் நான் கவனிக்காமல் விட்ட சங்கதி. தனித்தனியாக வேறு கேம் தேடிப் போயிருக்கலாம், கேம் கடைகளில் குறைவா? சில நூறு பேர் வாக்கெடுப்பும் விவாதமுமாகப் பேசி, எந்த உலகத்துக்குப் போவது என்று தேடினார்கள். ஒரு பகுதி 'தெயர்' என்ற உலகத்துக்குப் போனது. இன்னொரு பகுதி லிண்டன் லாப் கம்பனியின் 'செகண்ட் லைஃப்' உலகத்துக்குப் போனது. இரண்டும் 2003இல் திறந்தவை.

தெயர் பளிச்சென்ற உலகம். கடற்கரை, வெயில், பாய்ந்து பாய்ந்து ஓடுகிற சிறு வாகனங்கள். திடீரென்று ஒரு பெருங்கூட்டம் வந்து ஒரே இடத்தில் நின்றதும் அந்த இடத்தில் எல்லாருக்கும் அசைவு மந்தமானது. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு எரிச்சல். இவர்கள் வந்து எங்கள் இடத்தைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு, முறைப்பாடு, சீண்டல். ஊருக்காரர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறி மாறி, கடைசியில் தனியே ஒரு தீவில் போய் அமர்ந்தார்கள். இதை வாசித்தபோது நான் ஸ்கார்பரோவின் சில தெருக்களை நினைத்தேன். சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சியையும் நினைத்தேன். சாவகச்சேரியார் கிணற்றடியில் எங்களைப் பார்த்த பார்வையைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரைக்கும் ஒருவரும் சத்தமாகக் கதைப்பதில்லை. அவர்களில் பிழையும் இல்லை. ஒரு கிணறு எத்தனை பேருக்குத் தாங்கும்?

ஆனால் என்னை உலுக்கியது வேறு. தெயரில் அவதார்கள் எல்லாம் இளமையானவை. பார்பி பொம்மையும் அவளின் சோடியும் மாதிரி. நரை இல்லை, சுருக்கம் இல்லை, தளர்ந்த உடம்பு இல்லை. நீரூற்றடியில் தங்கள் வயதிலேயே நின்று பழகியவர்கள் ஒரே இரவில் இருபத்திரண்டு வயதாக ஆக்கப்பட்டார்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இது பரிசு மாதிரி இருக்கும். இளமை சும்மா கிடைக்கிறதே! ஆனால் ஒருவரை ஒருவர் அறிந்த முகங்கள் போய்விட்டன. யார் நிதானமானவர், யார் குறும்புக்காரர், யாரிடம் போய்க் கேட்கலாம் என்றெல்லாம் உருவத்தைப் பார்த்ததுமே தெரிந்த ஒரு கூட்டத்தில், எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்றால் எப்படி இருக்கும்? குடிவரவு அலுவலகங்களில் எங்கள் ஆட்களின் பிறந்த திகதிகள் மாறிப்போன கதைகள் உங்களுக்கும் தெரியும். எங்கள் பெரியப்பா கனடாக் கடதாசியில் ஆறு வயது குறைந்தவர். பென்சன் எடுக்கும் காலம் வரைக்கும் அதைப் பகிடியாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு பகிடி நின்றுவிட்டது.

முகம் போனவர்கள் என்ன செய்தார்கள்? தெயரில் சாமான்களையும் உடுப்புகளையும் வடிவமைத்து, கம்பனி பார்த்து அனுமதித்தால், விற்கலாம் அணியலாம். அந்த வழியால் ஊருச் சாயலில் உடுப்பும் கட்டடப் பொருட்களும் வந்தன. டினி மொழியின் 'ஷோரா' என்ற வணக்கத்தை விடாமல் வைத்திருந்தார்கள். எதையும் கூடிப் பேசித் தீர்மானிக்கும் பழக்கத்தையும், புதிதாக வந்த ஆளைத் தனியே விடாத பழக்கத்தையும் கொண்டுபோனார்கள். செகண்ட் லைஃபில் இன்னொரு பகுதியார் வேறு விதமாகப் போனார்கள். அங்கே கனசதுரம், உருளை போன்ற அடிப்படை உருவங்களை அடுக்கி எதையும் கட்டலாம். கட்டியதன் மீது கட்டியவருக்கே உரிமை என்று லிண்டன் லாப் 2003 நவம்பரில் அறிவித்திருந்தது. அவர்கள் தங்கள் தீவில் அந்தக் குகை நகரத்தின் பகுதிகளைக் கல்லுக்குக் கல் பார்த்துக் கட்டினார்கள்.

யார் செய்தது சரி என்று தம்பியோடு நான் நிறைய வாதாடியிருக்கிறேன். அவனுக்கு அச்சொட்டாகக் கட்டியவர்களைப் பிடிக்கும். "அப்பிடியே இருக்க வேணும் அக்கா, இல்லாட்டி அது அது இல்லை" என்பான். எனக்குத் தெயரில் இருந்தவர்களைத்தான் பிடிக்கிறது. நீரூற்றைத் திரும்பக் கட்டுவது திறமை. நீரூற்றடியில் நடந்துகொண்ட மாதிரியே, நீரூற்று இல்லாத ஒரு கடற்கரையில், பார்பி உடம்புக்குள் இருந்துகொண்டு நடப்பது அதைவிடக் கடினம் என்று நினைக்கிறேன்.

ஊருவின் கதையே பாழடைந்த ஒரு நகரத்துக்காகத் துக்கப்படவும் அதைத் திருத்தவும் வந்தவர்களின் கதை என்பதையும் மறக்கக் கூடாது. போன ஒன்றை நினைத்துக்கொண்டு கூடி இருப்பதற்கு அந்த விளையாட்டே அவர்களைப் பழக்கி வைத்திருந்தது. மூடிய பிறகுதான் அவர்கள் அதை உண்மையில் விளையாடத் தொடங்கினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

திறந்தபோது நடந்தது

என்னுடைய எண்ணம் திரும்பியது இந்தப் பகுதியில்தான். ஊரு திரும்பத் திறந்தது. மூடிய அதே 2004இல் சயன் விட்டுக்கொடுத்து, ரசிகர்களே தங்கள் சேர்வர்களில் ஒரு பழுதுபட்ட வடிவத்தை ஓட்டினார்கள். 2007 பெப்ரவரியில் கேம்ராப் என்ற சேவை அதை முறையாகத் திறந்தது, 2008 ஏப்ரலில் திரும்ப மூடியது. 2010 பெப்ரவரியில் சயன் தானே இலவசமாகத் திறந்துவிட்டது. அடுத்த மாதம், 2010 மார்ச் 9, தெயர் மூடப்பட்டது. ஒரு வீடு திறக்க மற்ற வீடு பூட்டுகிறது. இதைக் கதையாக ஒருவர் எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

2007இல் திறந்தபோது தெயர்க்காரர் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருவுக்கு ஓடியிருப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். போனார்கள், சந்தோசப்பட்டார்கள். ஆனால் தெயரை விடவில்லை. அதற்குள் அங்கே அவர்களுக்கு வீடு இருந்தது, அயல் இருந்தது, அங்குள்ளவர்களோடு கலந்து செய்த வேலைகள் இருந்தன. ஊரு போய்வருகிற இடமானது. இதை வாசித்த கிழமையில் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தபடியே இருந்தது. இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் பக்கத்துக் காணிகள் விடுபடத் தொடங்கியதும் அப்பா போனார். எத்தனையோ வருடமாக அந்த வளவைப் பற்றி மட்டுமே கதைத்த மனுசன். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணறு தூர்ந்துபோயிருந்தது. சொன்ன நாளுக்கு முந்தியே திரும்பி வந்துவிட்டார். வந்த கிழமையே ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் போக வெளிக்கிட்டார். "களைப்பாயிருக்கும், இந்தமுறை விடுங்கோவன் அப்பா" என்றேன். "அங்கை ஆர் இருக்கினம் பிள்ளை? சனம் எல்லாம் இங்கையெல்லோ" என்றார். கோபமாகவும் இல்லை, கவலையாகவும் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.

அதன் பிறகு ஒரு விபரம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. தெயரில் ஊருக்காரரோடு வந்து சேர்ந்தவர்களில், அசல் ஊருவை ஒருநாளும் காணாதவர்கள் இருந்தார்கள். அந்த நீரூற்றடியில் நின்றதில்லை, கூம்பு தள்ளியதில்லை. அந்தக் கூட்டத்தோடு திரிந்து, அந்தப் பழக்கங்கள் பிடித்து, 'ஷோரா' சொல்லி, அவர்களும் ஊருக்காரர் ஆனார்கள். யாரும் நீ எப்போது வந்தாய், எந்த ஹூட் என்று கேட்டு வெளியே நிறுத்தவில்லை.

எங்கள் சங்கத்தில் நிறுத்துவோம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். தகப்பன் எந்தப் பக்கம், தாய் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, அதற்குப் பிறகு வாய்விட்டுக் கேட்காமல் சுற்றி வளைத்து அறிகிற அந்த மற்றக் கேள்வி. கோடை ஒன்றுகூடலில் ஒரு குடும்பம் கூழ்ச் சட்டிக்குப் பக்கத்தில் தனியே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் எங்கள் ஊரில் வாடகைக்கு இருந்தவர்கள். "அவை எங்கடை ஊர் எண்டு சொல்லேலாது" என்று ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். ஸ்கார்பரோவில் பிறந்த என் மகள் அந்த ஊரை ஒரு தடவைகூடக் காணவில்லை. அவளை மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஊர்ப்பிள்ளை என்று மேடையில் ஏற்றிப் பரிசு கொடுக்கிறார்கள். ஊரில் இருந்தவருக்கு இடமில்லை, காணாதவளுக்குக் கோப்பை.

இழப்பின் அளவில் அவர்களையும் எங்களையும் ஒன்றாக வைக்க நான் இன்னமும் தயாரில்லை. அவர்கள் போக விரும்பிய அடுத்த உலகத்துக்கு விசா கேட்கவில்லை, கடலில் யாரும் தாழவில்லை, வழியில் விட்டுவிட்டு வந்த கிழவிகள் இல்லை. அகதிகள் என்ற பெயரை அவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்காது. ஆனால் இடம் போன பிறகு எப்படி ஒரு கூட்டமாக இருப்பது என்ற விசயத்தில் அவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர். அது எனக்கு ஒப்புக்கொள்ளக் கசப்பாக இருக்கிறது. உடம்பே இல்லாத இடத்தில் வம்சம் பார்க்க முடியாது என்பதால்தான் அவர்களுக்கு அது இலகுவாக இருந்தது என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம். ஆனால் பார்க்க வேண்டும் என்றால் மனிதர் எதையும் பார்ப்பார்கள். எந்தத் திகதியில் கணக்குத் திறந்தாய் என்பதையே ஒரு சாதியாக்கிய இணையக் கூட்டங்களும் உண்டு. இவர்கள் அதைச் செய்யவில்லை.

கடைசியில் ஒருநாள் நானே உள்ளே போனேன். ஊரு இன்றும் இலவசம்தான். அவதாருக்கு என் வயதைக் கொடுத்தேன், நரையையும் கொடுத்தேன். என் விரல்கள் இந்த வேலைக்குப் பழக்கமில்லாதவை, பாறையிலிருந்து விழுந்து விழுந்து குடிலுக்கே வந்துகொண்டிருந்தேன். ஹூட்டில் ஒருவர் நின்றார். 'ஷோரா' என்றார். நானும் தட்டினேன். புதிதா, எங்கே மாட்டுப்பட்டிருக்கிறாய் என்று கேட்டார். கதை வளர, நானும் மூடப்பட்ட ஒரு இடத்திலிருந்து வந்தவள்தான் என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. "எந்தக் கேம்?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு யாழ்ப்பாணம் என்றும், யுத்தம் என்றும், வருடத்தையும் எழுதினேன். அவர் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. எழுதி எழுதி அழிக்கிறார் போல. மன்னிக்க வேண்டும் என்று வந்தது. தான் தெயரில் இருந்தவர் என்றும், அந்தக் காலத்தில் தாங்கள் பாவித்த சில சொற்களை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதினார். நான் பரவாயில்லை என்று எழுதவில்லை. இந்தக் கதவு எப்படித் திறப்பது என்று கேட்டேன். முன்னால் நடந்து காட்டினார், நான் பிந்தப் பிந்த நின்று திரும்பிப் பார்த்தார். அன்று அந்தப் புதிரை முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஊருவை இயக்கும் மூல நிரல், யாரும் எடுத்துப் பாவிக்கும்படி 2011இல் திறந்துவிடப்பட்டது. ரசிகர்கள் கட்டிய புதிய இடங்கள் இப்போது அதற்குள் சேர்கின்றன, சேர்வர் ஓடுவது நன்கொடையில். தெயரும் 2012இல் திரும்பத் திறந்தது, மாதக் கட்டணத்தோடு. இதை அப்பாவுக்குச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, நன்கொடையில் என்றால் வருடத்துக்கு எவ்வளவு சேருகிறது, யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்பது. அவர் எங்கள் சங்கத்தின் பொருளாளர். இளம் ஆட்கள் சந்தா கட்டுவதில்லை என்பது அவருடைய நெடுங்கால முறைப்பாடு. அந்த வாடகைக் குடும்பத்திடம் சந்தா கேட்டதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். கேளுங்கோவன் என்றேன். வரும் மாதம் செயற்குழுக் கூட்டம் இருக்கிறது, அங்கே இதைக் கொண்டுபோனால் யார் யார் எழும்புவார்கள் என்று அப்பா விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். இரண்டாவது கைக்கும் போய்விட்டார்.